முன்பாரம், பின்பாரம், பொன்முடிச் சாலை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு வரை சமவெளியும் மேடுமாகச் செல்லும் சாலை, அதற்குப் பின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் பொன்முடிக்கு ஏறுகிறது. விடுமுறை நாள் காலைகளில் அச்சாலையில் ஏறும் வாகனங்களைக் காட்டிலும், அவற்றைப் பற்றி அடிவாரத் தேநீர்க் கடைகளிலும் கைப்பேசித் திரைகளிலும் நடக்கும் விவாதங்களே மிகுதி. அவ்விவாதங்களில் பெரும்பாலும் எதிர்ப்பின்றி ஏற்கப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு: எஞ்சின் நடுவில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் காரே வளைவில் சிறந்தது, முன்னால் இருப்பது சோம்பல், பின்னால் இருப்பது ஆபத்து.

இத்தீர்ப்பு முழுப் பொய்யன்று. அரை உண்மை. ஆனால் வளைவில் உயிரைக் கொண்டு செல்லும் ஒருவருக்கு அரை உண்மை முழுப் பொய்யைவிடத் தீங்கானது. பொய் என்றால் யாரேனும் ஒருவர் மறுத்திருப்பார்.

எஞ்சின் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இச்சிக்கலுக்குத் தமிழில் பெயர் இருந்தது. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டைப் பிரித்துச் சொல்வார்கள். சுமை அச்சுக்கு முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலெழும்பும், கழுத்துக்கயிறு தொண்டையை இறுக்கும். நெல் மூட்டையை ஒரு சாண் முன்னால் தள்ளுவதா பின்னால் தள்ளுவதா என்று வண்டிக்காரர் தடுமாறும் அந்தக் கணத்தில் கையாளப்படுவது ஸ்டுட்கார்ட்டிலும் மரனெல்லோவிலும் பொறியாளர்கள் கையாளும் அதே சிக்கல்தான். வாகனம் பற்றி இன்று தமிழில் எழுதுவோர் இவ்விரு சொற்களையும் கைவிட்டுவிட்டு 'எடைப் பகிர்வு' என்ற உயிரற்ற தொடரைச் சுமந்து திரிவது வருத்தத்திற்குரியது. நல்ல சொல் கைவசம் இருக்கும்போது மொழிபெயர்ப்புச் சொல் எதற்கு?

எனினும் பாரம் எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்ற கணக்கு மட்டும் போதாது. அது எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதும் வேண்டும். இதற்குக் காவடியே சரியான பாடம். நீண்ட தண்டின் இரு முனைகளிலும் குடங்களைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பவர் சட்டென்று திரும்ப இயலாது. திரும்பத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்கவும் இயலாது. அதே இரண்டு குடங்களை இருபுறமும் இடுப்போடு அணைத்துக்கொண்டவர் எளிதில் திரும்புவார், எளிதில் நிற்பார். எடை ஒன்றே, நடுப்புள்ளியிலிருந்து அதன் தொலைவு வேறு. எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, பின்னச்சுக்கு முன்னே அமர்த்தும் காரில் கனமான பொருள்கள் எல்லாம் நடுவில் குவிகின்றன. அதனால்தான் ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் அது திரும்புகிறது. 1959ஆம் ஆண்டில் ஜாக் பிராபம் கூப்பர் காரில் உலகப் பட்டத்தை வென்ற பிறகு சில ஆண்டுகளிலேயே பார்முலா ஒன் பந்தயத்தில் முன் எஞ்சின் கார்கள் மறைந்துபோனதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு உள்நாட்டிலேயே கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களிலும் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால்தான் இருந்தது. குடும்பக் காரில் மூக்கின் கீழ் குறுக்காகக் கிடந்த அதே எஞ்சின், இடம் மாறியதும் வேறொரு குணம் கொண்டது. நரேன் கார்த்திகேயன் போன்றோர் தொடக்கக் காலத்தில் கற்றது அத்தகைய கார்களில்.

ஆனால் காவடிப் பாடத்தின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. எளிதில் திரும்பத் தொடங்குவது, பிடி நழுவியபின் எளிதில் சுழலவும் செய்யும். நடு எஞ்சின் கார் வழுக்கத் தொடங்கினால் ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. 1989இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்.ஆர்.2 இதற்குப் பேர்பெற்றது. வளைவின் நடுவே பதறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவர்களை அது முகத்திருப்பிச் சாலைக்கு எதிராக நிறுத்தியது. சில ஆண்டுகளிலேயே டொயோட்டா அதன் சஸ்பென்ஷனையும் டயர்களையும் மாற்றியது. எஞ்சினின் இடத்தை மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே டயரைப் பற்றிச் சில சொற்கள். சாலையைத் தொடுவது எஞ்சின் அன்று. நான்கு உள்ளங்கையளவு ரப்பர் மட்டுமே. அந்த ரப்பருக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அதன் மீது இரு மடங்கு பாரம் ஏற்றினால் பிடிப்பு கூடும்; ஆனால் இரு மடங்காகக் கூடாது. வளைவிலோ, கனமான முனையை உள்நோக்கி இழுத்துப் பிடிக்க அதன் கனத்திற்கு ஏற்ற விசை வேண்டும். தேவை முழு விகிதத்தில் கூடுகிறது, கிடைப்பது குறைந்த விகிதத்தில் கூடுகிறது. ஆகவே மற்ற யாவும் சமமாக இருந்தால், கனமான முனையே முதலில் பிடி தளரும். மூக்குக் கனத்த காரில் முன்சக்கரம் வழுக்கி, வண்டி வளைவுக்கு வெளியே நேராகப் போகப் பார்க்கும். அதை அண்டர்ஸ்டீயர் என்கிறார்கள். வால் கனத்த காரில் பின்சக்கரம் வழுக்கி, வால் வெளியே வீசும், அது ஓவர்ஸ்டீயர். முன்னதில் ஓட்டுநர் பயந்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தப்பிவிடுவார். பின்னதில் பயந்து காலை எடுப்பதே கேடாக முடியும். ஏனெனில் அக்கணத்தில் பாரம் முன்னால் சாய்ந்து, ஏற்கெனவே தடுமாறும் பின்சக்கரங்களின் பிடியை மேலும் குறைக்கிறது. பொன்முடியிலிருந்து இறங்கும்போது இது இன்னும் கடுமை. சரிவே பாரத்தை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் பிரேக்கும் சேர்கிறது.

'மற்ற யாவும் சமமாக இருந்தால்' என்ற அந்த நிபந்தனையில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. நல்ல பொறியாளர் மற்ற யாவற்றையும் சமமாக இருக்க விடுவதில்லை.

போர்ஷே 911 இதற்குச் சான்று. 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான நாள் முதல் அதன் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பாடநூல் கணக்குப்படி அது இருக்கவே கூடாத கார். தொடக்க ஆண்டுகளில் அதன் வால் வீச்சை அடக்க முன் பம்பருக்குள் வார்ப்பிரும்புக் கட்டிகளை வைத்தார்கள். மாட்டுவண்டிக்காரர் மூட்டையை முன்னால் நகர்த்தியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. 1969ஆம் ஆண்டு மாடலில் முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளத்தை 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268-ஆகக் கூட்டினார்கள். ஒற்றை பேட்டரியை இரண்டாகப் பிரித்து முன்மூலைகளுக்கு அனுப்பினார்கள். 1973இன் கரேரா ஆர்.எஸ். காரில் பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிட அகலமாக்கினார்கள். கனமான முனைக்கு அகலமான ரப்பர். குறை அங்கேயே பாதி தீர்ந்தது. எஞ்சின் பின்னால் இருப்பதன் நன்மையோ மிஞ்சி நின்றது: வளைவை விட்டு வெளியேறும்போது உந்தும் சக்கரங்களின் மேல் கனம் அழுந்துவதால் அவை வீணே சுழல்வதில்லை, பிரேக் பிடிக்கும்போது நான்கு டயர்களும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. இருந்தும் 2017ஆம் ஆண்டின் 911 ஆர்.எஸ்.ஆர். பந்தயக் காரில் போர்ஷே நிறுவனமே எஞ்சினைப் பின்னச்சுக்கு முன்னால் கொண்டுவந்தது. பந்தயத்தில் ஒரு நொடியின் சிறு பகுதிக்கும் விலை உண்டு. பொன்முடிக்குப் போகிறவருக்கு அவ்விலை இல்லை.

911-இன் பாடத்தைக் கற்ற இந்தியக் கார் ஒன்று உண்டு. அதை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைத்ததில்லை. 2009இல் விற்பனைக்கு வந்த டாடா நானோவில் 624 சி.சி. எஞ்சின் பின்னிருக்கைக்கு அடியில் கிடந்து பின்சக்கரங்களை உந்தியது. முன்பின் சக்கரங்களின் இடைநீளம் 2230 மில்லிமீட்டர். முதல் 911-ஐவிட 19 மில்லிமீட்டர் மட்டுமே கூடுதல். முன் டயரின் அகலம் 135 மில்லிமீட்டர், பின் டயர் 155. ஒரு லட்சம் ரூபாய் என்ற வாக்குறுதிக்காக ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவிட்ட ஒரு காரில், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அளவில் டயர் பொருத்துவது ஆடம்பரமன்று. அது பின்பாரத்திற்கு எதிரான காப்பு. கேலிக்கு ஆளான அந்தச் சிறு காரைப் பற்றி எழுதப்பட்ட ஆயிரமாயிரம் வரிகளில் இந்த 20 மில்லிமீட்டருக்கு உரிய மரியாதை கிடைக்கவேயில்லை.

மரியாதை கிடைக்காதது மட்டுமன்று, விவரமும் போய்ச்சேரவில்லை. அழகுக்காக முன்னும் பின்னும் ஒரே அகலத்தில் டயர் மாற்றிக்கொள்ளும் நானோ உரிமையாளர், தம் காரின் வாலை அவிழ்த்துவிடுகிறார் என்பதை அவருக்கு யார் சொல்வது? இது வெறும் கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் ஒருமுறை நடந்த கதை. 1960 மாடலாக வந்த பின் எஞ்சின் காரான ஷெவர்லே கார்வேருக்கு முன் டயரில் 15, பின் டயரில் 26 என்ற காற்றழுத்தம் பரிந்துரைக்கப்பட்டது. அந்த வேறுபாடே அதன் சமநிலை. வழக்கம்போல் நான்கிலும் ஒரே அளவு காற்று நிரப்பினால் அக்காப்பு போயிற்று. ரால்ப் நேடர் 1965இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியது. பின்னர் 1972இல் வெளியான அரசு ஆய்வறிக்கை, கார்வேர் அக்காலத்து மற்றக் கார்களைவிடக் கவிழும் தன்மையில் மோசமானதன்று என்று கூறியது. இரண்டில் எது சரி என்று இன்றும் வாதிடுகிறார்கள். வாதத்தின் நடுவே நழுவிப்போவது ஒன்று: ஒரு காரின் நடத்தையைக் காற்றடிக்கும் குழாயைப் பிடித்திருப்பவரின் பழக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதை அவருக்குச் சொல்லாமல் இருந்தது பொறியியல் குறையைவிடப் பெரிய குறை.

இனித் திருவனந்தபுரத்துக்கே திரும்பலாம். இந்நகரில் மிகுதியாக ஓடும் பின் எஞ்சின் வாகனம் போர்ஷே அன்று, நானோவும் அன்று. தம்பானூர் ரயில் நிலையத்தின் முன் வரிசையில் நிற்கும் ஆட்டோரிக்‌ஷா. பஜாஜ் ஆட்டோவில் எஞ்சின் முதலில் முன்பக்கம் இருந்தது. 1977இல்தான் பின் எஞ்சின் ஆட்டோ வந்தது. அதன் பெயரில் உள்ள 'ஆர்.இ.' என்ற எழுத்துகள் குறிப்பதும் அதையே. நெய்யாற்றின்கரை அருகே ஆராலும்மூட்டில் 1978இல் நிறுவப்பட்ட அரசுத்துறை நிறுவனமான கேரள ஆட்டோமொபைல்ஸ் லிமிடெட்டும் மூன்று சக்கர வாகனங்களையே கட்டுகிறது. எனவே எஞ்சின் எங்கே இருக்க வேண்டும் என்ற வினா இந்நகருக்கு அயல்நாட்டுப் பேச்சன்று. அன்றாடப் பிழைப்பைத் தொடுவது.

ஸ்போர்ட்ஸ் காரில் குறையெனப்படும் பின்பாரம் ஆட்டோவில் நிறையாகிறது. காரணம் அதன் வடிவம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. கார் கவிழ்ந்தால் ஒரு பக்கத்து இரு சக்கரங்களையும் இணைக்கும் கோட்டின் மேல் கவிழும். ஆட்டோ கவிழ்ந்தால் முன் ஒற்றைச் சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோட்டின் மேல் கவிழும். அந்தக் கோடு முன்னே போகப்போக வண்டியின் நடுவை நெருங்குகிறது. பின்னே வரவர விலகுகிறது. ஆகவே பாரத்தின் மையம் பின்னச்சை எவ்வளவு நெருங்குகிறதோ, கவிழ்கோட்டிலிருந்து அவ்வளவு விலகி நிற்கிறது. கணக்கும் எளியது. பாரத்தின் மையம் முன்சக்கரத்திலிருந்து இடைநீளத்தில் மூன்றில் இரு பங்குத் தொலைவில் இருந்தால், அதே அகலமும் உயரமும் கொண்ட நான்கு சக்கர வண்டி தாங்கும் பக்கவிசையில் மூன்றில் இரு பங்கை ஆட்டோ தாங்கும். மையம் சரிபாதிக்கு நகர்ந்தால், தாங்குவதும் பாதி. எஞ்சினைப் பின்னுக்குக் கொண்டுபோனதும், மூன்று பயணியரைப் பின்னச்சை ஒட்டி அமர்த்தியதும் இக்கணக்கில் நல்ல பக்கம் நிற்பவை.

கெட்ட பக்கம் நிற்பது நான்காம் பயணி. ஓட்டுநரின் இருக்கையில் ஓரமாக ஒட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி போகிறாரே, அவர். சட்டப்படி ஆட்டோவில் மூவர்தான் பயணியர். ஆயினும் பள்ளி விடும் நேரத்தில் முன்னிருக்கையில் இரு சிறுவர்கள் நெருக்கி அமர்ந்து போவது எவருக்கும் புதிய காட்சியன்று. அதிகப் பாரம் என்பதாலேயே அது குற்றம் எனப் பலர் எண்ணுகிறார்கள். அந்தக் கனத்தைவிட, அது ஏறும் இடம் கேடானது. பின்னிருக்கையில் ஒருவர் கூடுதலாக நெருக்கி அமர்ந்தால் உயரம் சார்ந்த தீங்கு உண்டு; முன்னிருக்கையில் அமர்ந்தாலோ எஞ்சினைப் பின்னால் வைத்த பயனே கரைகிறது. அந்நிலையில் வளைவின் நடுவே பிரேக்கை அழுத்தினால் பாரம் இன்னும் முன்னால், அதாவது கவிழ்கோடு நடுவை நெருங்கும் குறுகிய முனையை நோக்கிச் சாய்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதே என்று பழைய ஆட்டோ ஓட்டுநர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் அறிவுரைக்குள் இருப்பது இந்த முக்கோணக் கணக்குதான். 911 ஓட்டுவோருக்குப் பந்தயப் பயிற்சிப் பள்ளிகள் பெருங்கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதும் வேறொன்றன்று. காரணம் வேறு, அறிவுரை ஒன்று.

ஒரு வாகனத்தில் தீமை, இன்னொன்றில் நன்மை என்றால், இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறுவோரின் நிலைப்பாடு எங்கே நிற்கிறது? எஞ்சின் இருக்கும் இடமே பல வேளைகளில் கையாளுதலுக்காக முடிவு செய்யப்படுவதில்லை. நகரில் ஓடிய வால்வோ தாழ்தளப் பேருந்துகளில் எஞ்சின் பின்னால் போனது, முதியவர் ஒருவர் படியேறாமல் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக. நானோவில் பின்னால் போனது, சிறிய உடலுக்குள் நால்வருக்கு இடம் வேண்டும் என்பதற்காக. மாருதி 800-இல் குறுக்காக முன்னால் வந்ததும் அதற்காகவே. முதலில் இடம் முடிவாகிறது. பின்னர் டயர், ஸ்பிரிங், சக்கரக் கோணம் ஆகியவற்றைக் கொண்டு அந்த முடிவோடு சமரசம் செய்யப்படுகிறது. கையாளுதல் என்பது அந்தச் சமரசத்தின் பெயர்.

இப்போது சமரசத்தில் மூன்றாம் தரப்பாக மென்பொருளும் சேர்ந்திருக்கிறது. வால் வீசத் தொடங்கும் கணத்திலேயே அதை உணர்ந்து, தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் தானாகப் பிடித்து நிறுத்தும் இ.எஸ்.சி. அமைப்பை அமெரிக்கா 2012 மாடல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. வாகனங்களுக்கான மென்பொருள் எழுதும் பொறியாளர்கள் இந்நகரத்து டெக்னோபார்க்கிலேயே உள்ளனர். டாடா எல்க்ஸி அங்கே இயங்குகிறது, நிசான் தன் டிஜிட்டல் மையத்தை 2018இல் இங்கே தொடங்கியது. மென்பொருள் நல்லதே. ஆயினும் அது டயரின் பிடிப்பைப் பங்கிடுமே தவிரப் புதிதாக உண்டாக்காது. மின்சாரக் கார்களில் கனமான பேட்டரி தரைக்கடியில் பரவிக் கிடப்பதால் முன்பாரம் பின்பாரம் என்ற பூசலே முடிந்துவிட்டது என்போரும் உளர். பாரம் தாழ்ந்திருப்பது பெரும் நன்மை. ஆனால் மொத்த எடை கூடியிருக்கிறது. ஈரச் சாலையில் நிறுத்த வேண்டியதும் அந்த மொத்த எடையைத்தான்.

ஈரம் இந்நகரில் அரிய நிகழ்வன்று. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் இங்கே பொழிகின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஓட்டுநர் உரிமம் எவ்வாறு தரப்படுகிறது? முட்டத்தறை மைதானத்தில் கம்பிகளுக்கிடையே 'எச்' எழுத்தைப் போல் காரை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். இரு சக்கர வாகனம் என்றால் எட்டு போட வேண்டும். பிறகு சிறிது தூரம் சாலையில். 2024ஆம் ஆண்டில் தேர்வைச் சீர்திருத்த அரசு முனைந்தபோது பயிற்சிப் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கின. அந்தப் பூசலில் இரு தரப்பும் பேசியது பெரும்பாலும் மைதானம், நாள் ஒன்றுக்கு எத்தனை பேர், வண்டியின் வயது, நிறுத்தும் முறை ஆகியவற்றைப் பற்றியே. நடந்து செல்லும் வேகத்தில் ஓடும் காரில் எஞ்சின் முன்னால் இருந்தால் என்ன, கூரைமேல் இருந்தால் என்ன? பாரம் சாய்வதை உணர வேகமும் வளைவும் சற்று ஈரமும் தேவை.

அதற்குப் பந்தயத் திடல் வேண்டியதில்லை. தண்ணீர் தெளித்த ஒரு சிமெண்டுத் தளம், நடுவே ஒரு வட்டம், பாதுகாப்பான வேகத்தில் ஒரு பயிற்சிக் கார் போதும். வட்டத்தில் சுற்றும்போது காலை எடுத்தால் தன் வண்டியின் மூக்கு எங்கே போகிறது, வால் எங்கே போகிறது என்பதைக் கற்பவர் ஒருமுறை முதுகுத்தண்டில் உணர்ந்துவிட்டால், எந்தக் காரின் எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆட்டோ உரிமத்துக்கு வருபவரிடம் இன்னும் எளிய சோதனை ஒன்று வைக்கலாம்: வெறும் ஆட்டோவில் ஒரு வளைவு, பின்னிருக்கையில் மூன்று மணல் மூட்டைகளுடன் அதே வளைவு, ஒரு மூட்டையை முன்னிருக்கைக்கு மாற்றி, கவிழாமல் தாங்கத் துணைச் சக்கரங்கள் பொருத்தி, மீண்டும் அதே வளைவு. மூன்றாம் சுற்றில் எந்தச் சக்கரம் முதலில் தரையை விட்டு எழுகிறது என்று அவரையே சொல்லச் சொல்ல வேண்டும்.